கத்தரி இலை சிறுத்துப் புதர் மாதிரி ஆகிறது, காய் இல்லை: என்ன மருந்து அடிக்கலாம்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கத்தரி போட்டிருக்கிறீர்கள், பத்துச் செடிக்கு ஒன்று இப்படி, கடையில் 'வைரஸ்' என்றார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது சிற்றிலை நோய். 1967 வரை உலகமே இந்த மாதிரி நோய்களை வைரஸ் என்றுதான் நினைத்தது. அந்த வருடம் ஜப்பானியர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து வேறு உயிரி என்று கண்டார்கள். பெயர் பைட்டோபிளாஸ்மா. செல்சுவர் இல்லாத பாக்டீரியா, செடியில் உணவு ஓடும் சல்லடைக் குழாய்க்குள் குடியிருப்பது.

உள்ளே இருந்துகொண்டு செடியின் வளர்ச்சிக் கட்டளைகளையே குலைத்துவிடும். அதனால்தான் கணுவுக்குக் கணு சிம்பு, காம்பு மிகவும் குறுகிய குட்டி இலை, பூ வந்தாலும் பச்சையாக இலை போலவே நிற்கும். பெரும்பாலும் காய்க்காது.

பூஞ்சாண மருந்து அடிப்பது தண்டச்செலவு. செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகையும் பலிக்காது. டெட்ராசைக்ளின் கொஞ்ச நாள் அடக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். காய்கறியில் அதை நான் தொடமாட்டேன்.

பரப்புவது தத்துப்பூச்சி. நோய்ச்செடியில் சாறு குடித்த பூச்சி உடனே பரப்பாது, கிருமி அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வரச் சில வாரம் ஆகும். அந்த அவகாசம்தான் உங்களுக்கு. இன்றைக்கே வேரோடு பிடுங்கி எரியுங்கள். 'துளிர்க்கும், பார்ப்போம்' என்று விடாதீர்கள். வரப்பில் ஊமத்தை, நித்தியகல்யாணி நின்றால் அதையும் எடுங்கள், கிருமி அங்கேயும் தங்கும். அடுத்த முறை நாற்றங்காலுக்கு வலை கட்டுங்கள். விதையில் இது வராது, விதைக்காரரைத் திட்ட வேண்டாம்.