பேக் செய்த பாஸ்தாவின் அடியில் தண்ணீர் தேங்குகிறதா?

காய்கள் போட்டு வெள்ளை சாஸில் பேக் செய்த பாஸ்தாவின் அடியில் தண்ணீர் தேங்குகிறது, சாஸில் மைதாவைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைதாவைக் கூட்டாதீர்கள். சுக்கினியைப் (வெள்ளரி போலிருக்கும் காய்) பச்சையாகப் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. அதில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். ஓவனுக்குள் போனதும் அத்தனையும் பென்னேயின் (குழாய் வடிவ பாஸ்தா) அடியில் இறங்கிவிடும்.

சுக்கினியை வட்டமாக நறுக்கி, உப்புப் பிசிறி, 20 நிமிடம் வடிதட்டில் வையுங்கள். பிறகு துணியால் ஒற்றி, அகலமான சட்டியில் பெரிய தீயில் வதக்குங்கள். முதலில் சளசளவென்று கொதிக்கிற சத்தம் வரும். அது அடங்கி, பொரிகிற சத்தம் கேட்டு ஓரம் லேசாகச் சிவந்தால் போதும். ஆஸ்பராகஸை (நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை) கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து ஈரம் போக ஒற்றுங்கள். உறைந்த பட்டாணியை உருக்கி வடித்தால் போதும்.

சந்தேகமிருந்தால், அடுத்த முறை தேங்கியதை ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீராக இருந்தால் காய்தான் காரணம். பால் திரிந்த மாதிரி துகளாக இருந்தால் சாஸ் பிரிந்திருக்கிறது. அப்படியானால் அடுப்பை அணைத்த பிறகு சீஸைக் கலந்து பாருங்கள்.

ஒன்று கவனம்: காயின் தண்ணீர் நின்றதும் அதே சாஸ் வறண்டுபோகும், ஏனென்றால் பாஸ்தா ஓவனிலும் ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிட்டு, சாஸைக் கொஞ்சம் தளரவே விடுங்கள். 200 டிகிரியில் 20 நிமிடம். வெளியே எடுத்து 10 நிமிடம் தொடாதீர்கள், எவ்வளவு பசித்தாலும்.