ஸ்பார்க் பிளக்கை நாமே மாற்றலாமா?

கேள்வி: என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சிறிது நேரம் குலுங்குகிறது, மைலேஜும் குறைந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்றாலும் எஞ்சினில் இதுவரை கை வைத்ததில்லை. இதை வீட்டிலேயே நானே செய்யலாமா? பிளக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்? பழையவற்றைச் சுத்தம் செய்து மீண்டும் போடக்கூடாதா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் பானெட்டைத் திறந்து, பிளக்குகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் மேல் மூடியின் நடுவே வரிசையாக நான்கு இக்னிஷன் காயில்கள் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருபவை) நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி, குழியின் ஆழத்தில் ஒரு பிளக். அப்படி இருந்தால், முதல் முறை செய்பவருக்கும் ஒன்று அல்லது இரண்டு மணி நேர வேலைதான். குறுக்குவாட்டில் பொருத்தப்பட்ட ஆறு சிலிண்டர் வி வடிவ எஞ்சினாக இருந்தால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். அவற்றில் பலவற்றில் காற்று உள்ளே செல்லும் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பின்வரிசைப் பிளக்குகள் கைக்கு எட்டும். அது பழகும் வேலையன்று.

பிளக்தான் குற்றவாளியா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரண நிக்கல் முனைப் பிளக்குகள் பொதுவாக 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை தாங்கும். இரிடியம், பிளாட்டினம் முனை கொண்டவை பல வண்டிகளில் 1,00,000 கிலோமீட்டர் வரை வரும். ஆகவே உங்கள் வண்டியில் இருப்பவை நிக்கல் பிளக்குகள் என்றால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. இரிடியம் என்றால் குலுக்கலுக்கு வேறு காரணம் இருக்கக்கூடும். எந்த வகை, எத்தனை கிலோமீட்டர் என்பதைக் காருடன் வந்த கையேடு சொல்லும். செக் எஞ்சின் விளக்கு எரிந்து, குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று ஸ்கேனர் காட்டினால், அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பழுது காயிலில் இருக்கிறது. பிளக்குக்குச் செலவழித்துப் பயனில்லை.

வாங்கும்போது கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். மரையின் விட்டமும் நீளமும் மட்டுமல்லாமல், பிளக் தன் வெப்பத்தை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற குறியீடும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. மரை நீளம் கூடினால் வால்வோ பிஸ்டனோ பிளக்கின் முனையில் மோதக்கூடும். வெப்பக் குறியீடு தவறினால் முனை புகை படிந்து அடைபடும், அல்லது அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பொறி எழும் முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. என்ஜிகே, டென்சோ நிறுவனங்களின் குறியீட்டில் எண் பெரிதானால் பிளக் அதிகம் குளிர்ச்சியானது என்று பொருள். பாஷ் நிறுவனத்தின் குறியீட்டில் எண் பெரிதானால் அதிகம் சூடானது என்று பொருள். எனவே ஒரு நிறுவனத்துக்குப் பதில் இன்னொன்றை வாங்குவதானால் எண்ணைப் பார்த்து நீங்களே ஊகிக்காமல், அந்த நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. உள்ளே ரப்பர் வளையமோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட் (பெரும்பாலான வண்டிகளுக்கு 16 மில்லிமீட்டர், சிலவற்றுக்கு 14 அல்லது 21), நீண்ட எக்ஸ்டென்ஷன், ராட்செட், கம்பி வடிவ இடைவெளி அளவி, பிளக்கின் தலையில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு சாண் ரப்பர் குழாய், இவற்றோடு எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச். கடைசியாகச் சொன்னதை இரவலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதே நல்லது. இக்காலத்து எஞ்சின்களில், பிளக் திருகப்படும் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. பிளக்கின் உடல் எஃகு. சூட்டில் மிருதுவாகியிருக்கும் அலுமினிய மரையின் மீது எஃகு மரையைத் திருகினால், பிளக் வெளியே வரும்போது மரையையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். ஹைப்ரிட் வண்டியில் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம். உயர் மின்னழுத்தப் பேட்டரி பற்றிக் கையேடு சொல்லும் எச்சரிக்கைகளையும் அங்கே விடக்கூடாது.

நான்கையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பரப்பாதீர்கள். ஒரு சிலிண்டரை முழுமையாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒயர் கொண்ட பழைய வகை வண்டியில் எந்த ஒயர் எங்கே என்ற குழப்பமே இதனால் வராது. காயிலின் மின் இணைப்பில் உள்ள பிளாஸ்டிக் பூட்டு, ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு மொறுமொறுப்பாகியிருக்கும். நெம்பாமல், விரலால் அழுத்தி விடுவியுங்கள். காயிலின் போல்ட்டைக் கழற்றியதும், காயிலை இரு பக்கமும் இலேசாகத் திருப்பி ரப்பரின் பிடியைத் தளர்த்திய பின் நேராக மேலே இழுங்கள். ஒயராக இருந்தால் ரப்பர் தொப்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும்.

பிளக்கைத் தொடும் முன் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. குழியில் கிடக்கும் மண், பிளக் கழன்ற மறுகணம் சிலிண்டருக்குள் விழும். குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு மூடியின் சீல் கசிகிறது என்று பொருள். துணியால் ஒற்றியெடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம், ஆனால் சீலையும் விரைவில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த ஆயில் காயிலின் ரப்பரைக் கெடுக்கும்.

பிளக் முதல் கால் சுற்றுக்குப் பிறகு எளிதாகச் சுழன்று வர வேண்டும். முனகிக்கொண்டு இறுகினால் மேலும் பலத்தைக் காட்டாதீர்கள். மீண்டும் சற்று உள்ளே திருகி, துரு நீக்கும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக ஆட்டி எடுங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் அத்துடன் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கழற்றிய பிளக்கை உடனே எறிந்துவிடாமல், எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வரிசையாக வையுங்கள். முனை இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம் செல்கிறது, அல்லது வண்டி குறுகிய தூரங்களுக்கே ஓடுகிறது; பசையான கறுப்பு, ஆயில் உள்ளே இறங்குவதைக் காட்டும்; வெளுத்துக் கொப்புளம் கண்ட பீங்கான், அதிகச் சூட்டின் அடையாளம். நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால் அந்தச் சிலிண்டரைக் கவனிக்க வேண்டும். வெளிப்புறப் பீங்கானின் அடியில், இரும்பை ஒட்டிக் காணப்படும் பழுப்பு வளையத்தைக் கண்டு வாயு கசிகிறது என்று சிலர் பயப்படுவார்கள். அது பெரும்பாலும் உயர் மின்னழுத்தம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறைதான்.

பழையவற்றைச் சுத்தம் செய்து போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தீப்பொறி, கூர்மையான விளிம்பிலிருந்து எளிதாகப் பாயும்; ஓடி ஓடி அந்த விளிம்பு மழுங்கி, இடைவெளியும் அகன்றிருக்கும். கரியைச் சுரண்டலாமே தவிர, தேய்ந்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. அகன்ற இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால் அந்தச் சுமை காயிலின் தலையில் விழும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் பீங்கானில் உலோகத் துகள் படிந்து, மின்சாரம் தாவாமல் அதன் வழியே கசிந்துவிடும். இரிடியம் முனையை பிரஷ்ஷால் தொடவே கூடாது.

புதிய பிளக்கின் இடைவெளியை அளந்து பாருங்கள். பல வண்டிகளில் இது 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், சரியான அளவைக் கையேடு கூறும். திருத்த வேண்டியிருந்தால் பக்கவாட்டு முனையை மட்டும் வளைக்க வேண்டும். நடு முனையில் ஊன்றி நெம்பக்கூடாது. கீழே விழுந்த பிளக்கைப் பொருத்தாதீர்கள். பார்வைக்கு எதுவும் தெரியாத ஒரு மயிரிழை விரிசலால், புதுப் பிளக் போட்ட எஞ்சின் இடறுவதை நான் ஒருமுறை அரை நாள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். விழுந்தது நினைவுக்கு வந்தபோதுதான் விடை கிடைத்தது.

இனி முக்கியமான கட்டம். புதுப் பிளக்கை ராட்செட்டால் தொடங்காதீர்கள். ரப்பர் குழாயில் செருகிக் குழிக்குள் மெல்ல இறக்கி, முதலில் எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் பிளக் சட்டென்று சிறிது இறங்குவது கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்புறம் திருகுங்கள். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிச் சுழலுமே தவிர மரையைச் சிதைக்கும் வலு அதற்கில்லை. இரும்புக் கருவிக்கு அந்த வலு உண்டு. கடைசி வரை விரல் வலுவிலேயே இறங்கினால் பிளக் நேராக அமர்ந்துவிட்டது.

இறுக்கும் அளவு மரையின் விட்டத்தைப் பொறுத்தது. வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 என்பது பொது அளவு; கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதுவே இறுதி. டார்க் ரெஞ்ச் கிடைக்கவே இல்லையென்றால், 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்கைக் கையால் அமர்த்திய பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரு பங்கு சுற்று வரை திருகினால் வாஷர் நசுங்கிப் பொருந்தும். வாஷர் இல்லாமல் கூம்பு வடிவில் அமரும் வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு, அதாவது வெறும் ஒரு வீசம் சுற்றே போதும். “இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்” என்று கூடுதலாக ஒரு இறுக்கு இறுக்கும் பழக்கம் இங்கே ஆகாது. பிளக் போனால் இன்னொன்று வாங்கலாம், ஹெட்டின் மரை போனால் புதிய மரைச் செருகி வைக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதே சமயம், தளர்வாக விட்டாலும் வெப்பம் ஹெட்டுக்குக் கடத்தப்படாமல் பிளக் அதிகம் சூடாகும். மரையில் ஒட்டாமல் இருக்கக் கிரீஸ் பூசலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பூச்சுள்ள மரையோடு வரும் இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையில்லை. வழுக்கல் கூடுவதால், ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும்போதே பிளக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும்.

காயிலைச் செருகும்போது ரப்பர் பிளக்கைக் கவ்விப் பிடிப்பதும், மின் இணைப்பின் பூட்டு ‘கிளிக்’ என்று விழுவதும் கவனத்தில் இருக்கட்டும். நான்கும் முடிந்து பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சீராக ஓட வேண்டும். இடறினால் அப்படியே ஓட்டிப் பார்க்காமல் உடனே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். பெரும்பாலும் சரியாகச் செருகாத ஏதாவது ஓர் இணைப்புதான் காரணமாக இருக்கும்.

உங்கள் குறை குளிர்ந்த எஞ்சினில் தோன்றுவது என்பதால், மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மையான விடை தெரியும். அப்போதும் குலுங்கினால், வரிசையாக எடுத்துவைத்த பழைய பிளக்குகளுடன் மெக்கானிக்கிடம் போய், காயில்கள், த்ராட்டில் பாடியில் படிந்த அழுக்கு, இன்ஜெக்டர்கள், மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.