ஸ்டாலில் இரண்டாவது நிமிடம்

வணக்கம் சார்,

வெள்ளி நகைகளை வடிவமைத்து என் சொந்த பிராண்ட் பெயரில் விற்கிறேன். சிறிய பட்டறை, என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். இதுவரை இணையத்தில்தான் விற்பனை. போன பருவத்தில் துணிந்து ஒரு வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்தேன். நல்ல கூட்டம். எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்துப் பாராட்டினார்கள், விசிட்டிங் கார்டுகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. ஆர்டர் என்று வந்தது ஒன்றிரண்டுதான். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு பத்திரிகையில் என் மோதிரத்தின் படம் வந்தது. அந்த வாரம் ஃபோன் ஓயாமல் அடித்தது, பிறகு அடங்கிவிட்டது.

இப்போது கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் செய்ய முடியும். மறுபடி ஸ்டால் எடுக்கட்டுமா, இல்லை பத்திரிகைகளில் பெயர் வரச் செய்யும் ஒரு பிஆர் ஏஜென்சியிடம் பொறுப்பைக் கொடுக்கட்டுமா? இன்ஃப்ளூயன்சர்களுக்கு நகை கொடுத்தால் போதும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

ஸ்டாலா, ஏஜென்சியா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை முடிக்காமல் எதில் பணம் போட்டாலும் போன பருவத்தில் நடந்ததுதான் மறுபடி நடக்கும்.

வந்தவர்கள் பாராட்டியதை எழுதியிருக்கிறீர்கள். பாராட்டிய பிறகு என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு கடைக்காரர் மோதிரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்து, உள்பக்கத்தை விரலால் தடவி, "நல்லா இருக்கு" என்று சொல்வது முதல் நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் அவர் வியாபாரி. மொத்த விலை என்ன? குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்? எந்தெந்த அளவில் வரும்? ஆர்டர் கொடுத்தால் எத்தனை வாரத்தில் சரக்கு வரும்? பத்து வாங்கி நாலுதான் விற்றது என்றால் மீதியை வேறு டிசைனாக மாற்றித் தருவீர்களா? கல் விழுந்துவிட்டது என்று வாடிக்கையாளர் வந்து நின்றால் யார் சரிசெய்வது? இதற்கெல்லாம் "கணக்குப் பார்த்து மெயில் அனுப்புகிறேன்" என்று சொன்னால் அவர் கார்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார். உங்களிடம் சேர்ந்த கார்டுகளில் பல அப்படி வந்தவையாக இருக்கலாம்.

இதில் சிறிய பிராண்டுகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது விலையில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு மோதிரத்துக்கு உலோகம், கல், கூலி, பெட்டி எல்லாம் சேர்த்து அடக்கவிலை 100 என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் 180-க்கு விற்கிறீர்கள். 80 நிற்கிறது, நல்ல வியாபாரமாகத் தெரிகிறது. இப்போது ஒரு கடைக்காரர் வருகிறார். வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்காவது வைத்தால்தான் அவருக்குக் கட்டும். கடை வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் விற்கும் அதே 180-க்கு அவரும் விற்க வேண்டுமென்றால் உங்களிடம் 90-க்கு வாங்க வேண்டும். உங்கள் அடக்கமே 100. ஆர்டர் பெரிதாக வர வர நஷ்டமும் பெரிதாகும். சரி, அவருக்கு 150-க்குக் கொடுத்து அவர் 300 போடட்டும் என்றால், அவருடைய வாடிக்கையாளர் ஃபோனை எடுத்து உங்கள் தளத்தில் 180 என்று பார்த்துவிடுவார். அந்தக் கடையில் உங்கள் நகைக்கு அதோடு இடம் போய்விடும்.

ஆகவே முதலில் உட்கார்ந்து விலையைத் திருத்துங்கள். எல்லா டிசைனையும் மொத்த வியாபாரத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கைவேலை குறைவாக, வார்ப்பில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எடுக்கக்கூடியவற்றைத் தனியாகப் பிரியுங்கள். கடைக்காரருக்கு அவற்றை மட்டும் காட்டினால் போதும். மணிக்கணக்கில் இழைத்துச் செய்யும் உருப்படிகள் உங்கள் தளத்திலும், ஸ்டாலின் முகப்பில் கண்ணைக் கவரவும் இருக்கட்டும். அதன்பின் பையருக்கான, அதாவது கடைக்குச் சரக்கு வாங்குகிறவருக்கான, லைன் ஷீட்டைத் தயார் செய்யுங்கள். நகைகளின் விவரமும் விலையும் அடங்கிய பட்டியல் அது. பலர் இதை லுக்புக் என்கிற அழகான படப்புத்தகம் என்று நினைத்துக் கவிதையாக எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு நகைக்கும் வெள்ளைப் பின்னணியில் ஒரு படம், டிசைன் எண், 925 வெள்ளியா (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) வேறா, எடை, கல்லின் பெயர், கல் இயற்கையானதா ஆய்வகத்தில் வளர்த்ததா, நிறம் கூட்டப்பட்டதா, கிடைக்கும் அளவுகள், மொத்த விலை, நீங்கள் பரிந்துரைக்கும் சில்லறை விலை. அடியில் குறைந்தபட்ச ஆர்டர், டெலிவரிக்கு ஆகும் வாரங்கள், பணம் செலுத்தும் முறை. உலோக விலை ஏறி இறங்குவதால் இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அனுப்பிவிட்டுப் பிறகு சங்கடப்படுகிறவர்கள் நிறைய.

இது கையில் வந்த பிறகு கண்காட்சிக்கு வருவோம்.

1951 பிப்ரவரியில் ஃபுளோரன்ஸ் நகரில் ஜியோவன்னி பத்திஸ்தா ஜியார்ஜினி என்பவர் தன் வீட்டிலேயே ஓர் ஆடைக் காட்சி நடத்தினார். இத்தாலிய ஃபேஷன் உலகச் சந்தையில் கால் வைத்த நாள் என்று அதைச் சொல்வார்கள். வந்த அமெரிக்க பையர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தச் சிலரும் பெரிய கடைகளுக்கு வாங்குகிறவர்கள். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஜியார்ஜினி அதற்கு முன் பல ஆண்டுகள் அமெரிக்கக் கடைகளுக்காக இத்தாலியப் பொருள்களை வாங்கி அனுப்பும் ஏஜென்டாக இருந்தவர். யார் என்ன வாங்குவார், எந்த விலை வரை போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காட்சியின் தேதியையும் பாரிஸ் காட்சிகள் முடிந்த கையோடு வைத்தார். ஐரோப்பாவுக்கு ஏற்கெனவே வந்திருந்த பையர்கள் கொஞ்சம் தெற்கே இறங்கி வந்தால் போதும். அதே ஆண்டு ஜூலையில் நடந்த அடுத்த காட்சிக்குக் கூட்டம் பல மடங்கானது. 1952-இல் அது பித்தி அரண்மனை மண்டபத்துக்கு மாறியது. அரண்மனையின் பெயரைத் தாங்கிய பித்தி உவோமோ என்ற ஆண்கள் ஆடைக் கண்காட்சி இன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை ஃபுளோரன்ஸ் நகரில் நடக்கிறது.

உங்களுக்கும் இதே வழிதான். வாசலில் வந்து போகும் கூட்டத்தை நம்பி ஸ்டால் எடுக்காதீர்கள். உங்கள் நகைக்குப் பொருத்தமான கடைகள் எவை என்று இருபது, முப்பது பெயர்களை நீங்களே தேடி எழுதுங்கள். அவர்கள் இப்போது என்னென்ன பிராண்டுகள் வைத்திருக்கிறார்கள், எந்த விலையில் விற்கிறார்கள் என்று பாருங்கள். கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்பே லைன் ஷீட்டோடு எழுதி, ஸ்டால் எண்ணைச் சொல்லி, நேரம் கேளுங்கள். பையரின் நாள் பெரும்பாலும் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். நேரம் குறித்து வருகிறவர் ஐந்து பேர் இருந்தாலே அது நல்ல கண்காட்சி. முதல் முறை வந்து பார்த்துவிட்டு, அடுத்த பருவமும் நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்று பார்த்த பிறகே ஆர்டர் தருகிற பையர்களும் உண்டு. பாதி பருவத்தில் காணாமல் போகும் பிராண்டைக் கடையில் வைத்து அவர்கள் சூடுபட்டிருப்பார்கள். ஆகவே ஒரே ஒரு முறை போய்வரத்தான் பணம் இருக்கிறது என்றால் போகாமலே இருப்பது நல்லது. இரண்டு மூன்று முறை போக முடிகிற அளவில், தேவைப்பட்டால் இன்னொரு சிறிய பிராண்டோடு ஸ்டாலைப் பகிர்ந்துகொண்டு தொடங்குங்கள்.

எந்தக் கண்காட்சி என்பதையும் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சுவிட்சர்லாந்தில் நடந்த பாசல்வேர்ல்ட் கண்காட்சியைவிடப் பெரிய பெயர் கடிகார, நகைத் தொழிலில் இருந்ததில்லை. 1917-இல் தொடங்கிய சந்தையிலிருந்து வளர்ந்தது. 2018-இல் கடிகார நிறுவனமான ஸ்வாட்ச் குழுமம் விலகுவதாக அறிவித்தது, 2019-க்குப் பிறகு அந்தக் கண்காட்சி பழைய வடிவில் நடக்கவே இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனங்களே கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பதில் தவறில்லை. வைர, தங்க வியாபாரிகள் கூடும் இடத்தில் வெள்ளி டிசைன் நகை எடுபடாது. ஃபேஷன் ஆடைகளும் கைப்பைகளும் வாங்க வருகிறவர்களின் கண்காட்சியில் அதே நகை நன்றாகப் போகலாம். முதலில் பார்வையாளராக ஒரு நாள் போய் நடந்து பாருங்கள். உங்கள் விலையில் விற்கிறவர்களின் ஸ்டாலில் யாராவது உட்கார்ந்து ஆர்டர் எழுதுகிறார்களா என்று கவனியுங்கள்.

ஸ்டாலின் வெளிச்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குக் கோகினூர் வைரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்க்கவென்றே கூட்டம் அலைமோதியது. கண்ணாடிக் கூரை வழியாகப் பரவலாக விழுந்த பகல் வெளிச்சத்தில் கல் மங்கலாக இருந்தது, மக்கள் ஏமாந்து திரும்பினார்கள். பிறகு சுற்றிலும் மறைத்து, எரிவாயு விளக்குகளும் கண்ணாடிகளும் வைத்துப் பார்த்தார்கள். மறுஆண்டு அதைப் புதிதாகப் பட்டை தீட்டியபோது 186 காரட் சுமார் 105 காரட்டாகக் குறைந்தது. பட்டையில் குறை இருந்தது உண்மைதான், ஆனால் வெளிச்சமும் துணை நிற்கவில்லை. கண்காட்சி மண்டபங்களின் கூரை விளக்கும் இதே பரவலான வெளிச்சம்தான். பட்டை தீட்டிய கல்லுக்குப் புள்ளியாக விழும் ஒளி வேண்டும். வெள்ளிக்குச் சற்று வெண்மையான ஒளி, தங்கத்துக்கு மஞ்சள் கலந்த ஒளி, முத்துக்கு மென்மையாகப் பரவும் ஒளி. விளக்கை நீங்களே கொண்டுபோங்கள். அப்புறம், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காதணியைக் காதருகே வைத்துப் பார்க்க முடியாதவர் அதைத் திருப்பி வைத்துவிடுவார்.

வெளிநாட்டுக் கண்காட்சி என்றால் சாம்பிள்களைச் சுங்கத்தில் காட்டிக் கொண்டுபோக ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. 1961-இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையின்படி வருவது. ஓராண்டு வரை வரி கட்டாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரலாம். ஆனால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் திரும்பி வந்தாக வேண்டும். "இந்த ஒன்றை மட்டும் இப்பவே கொடுங்களேன்" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். காப்பீடு, இரவில் லாக்கர், இருவராக ஸ்டாலில் நிற்பது, இதிலெல்லாம் சிக்கனம் வேண்டாம்.

கண்காட்சி முடிந்த மறுவாரத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒவ்வொரு கார்டின் பின்புறமும் அவர் எதைக் கையில் எடுத்தார் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய சில நாள்களுக்குள் அந்த டிசைனின் படத்தோடு எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே நன்றி மெயில் அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். போன பருவத்துக் கார்டுகளுக்கும் இப்போது எழுதலாம், தாமதம் ஒன்றுமில்லை.

பிஆர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மோதிரத்தின் படம் வந்த வாரம் ஃபோன் அடித்தது என்றால் உங்கள் வேலைக்குக் கவர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பையர் யாருக்காவது நீங்கள் அனுப்பினீர்களா? பத்திரிகையில் வந்ததன் நீடித்த பயன் அங்கேதான். அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர்களின் பெயர் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று உழைத்த எலினார் லாம்பர்ட், போரினால் பாரிஸோடு தொடர்பு அறுந்திருந்த 1943-இல் நியூயார்க்கில் பத்திரிகை வாரம் என்று ஒன்றைத் தொடங்கினார். பல ஊர்ப் பத்திரிகைக்காரர்களை வரவழைத்துப் புதிய ஆடைகளைக் காட்டினார். எழுதுகிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே பருவத்தில் ஒரே பெயரைக் கேட்கும்படி செய்ததில்தான் அந்த வேலையின் பலம். உங்கள் படம் ஒரு மாதமும் கண்காட்சி வேறொரு மாதமும் தனித்தனியாகப் போய்விட்டன.

அச்சுப் பத்திரிகைகள் மூன்று நான்கு மாதம் முன்பே பக்கங்களை முடிவு செய்துவிடும். பண்டிகைக்கால இதழுக்குப் பண்டிகை நெருங்கும்போது அனுப்பினால் வீண். ஆசிரியருக்குத் தேவை அச்சுக்கு ஏற்ற பெரிய படம், அணிந்த நிலையில் ஒரு படம், யார் செய்தது, எதனால் செய்தது, விலை என்ன, எங்கே கிடைக்கும் என்ற நாலு வரி. "தனித்துவமான, காலத்தால் அழியாத" என்ற வரிகளை எல்லோரும் அனுப்புகிறார்கள். உங்கள் மூன்று பேரில் ஒருவர் ஒரு கொக்கியை எப்படிப் பற்றவைக்கிறார் என்பதை எழுதி அனுப்புங்கள். ஏஜென்சி இந்த நாலு வரியை உங்களைவிட நன்றாக எழுதப்போவதில்லை. அவர்களிடம் இருப்பது ஆள் தொடர்பு. மாதாமாதம் பணம் கட்டி அதை வாங்க இன்னும் நேரம் வரவில்லை. நாலைந்து கடைகளில் உங்கள் நகை கிடைக்கிறது என்ற நிலை வந்த பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக இன்ஃப்ளூயன்சர்கள். நட்சத்திரங்களுக்கு நகை இரவல் கொடுப்பது பழைய வழக்கம். 1944 ஆஸ்கர் விழாவில் நடிகை ஜெனிஃபர் ஜோன்ஸ் அணிந்தது நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் கொடுத்த வைரங்கள். இரவல் என்றால் எழுதி வாங்குங்கள்: எது, என்ன மதிப்பு, எப்போது திரும்பும், தொலைந்தால் யார் பொறுப்பு, படத்தில் பிராண்ட் பெயர் வருமா. பணம் கொடுத்துப் போடும் பதிவென்றால் விளம்பரம் என்று அதிலேயே தெரியும்படி இருக்க வேண்டும். பல நாடுகளில் அது கட்டாயம். உங்கள் நகையை ஏற்கெனவே சொந்தக் காசு கொடுத்து வாங்கி அணிகிறவர்களில் நாலு பேர் பின்தொடரும் ஒருவராவது இருப்பார். ஆர்டர் பட்டியலைத் திறந்து முதலில் அவரைத் தேடுங்கள்.

அன்புடன்