சிறிய அடுப்படி: அலமாரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

வாசகியின் கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வாடகை அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் குடியிருக்கிறோம். ஏழு அடிக்கு ஆறு அடி அளவிலான அடுப்படி. சிமெண்டு மேடை ஒன்று இருக்கிறது. கீழே கதவு கிடையாது, திரைதான். மேடையில் அடுப்பு, சோறு வடிக்கும் குக்கர், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் உட்கார்ந்த பிறகு காய் நறுக்க இடமில்லை. பருப்பிலும் ரவையிலும் வண்டு வருகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. சுவரில் தொங்கும் அலமாரி வாங்கலாமா? வீட்டுக்காரர் துளை போட யோசிக்கிறார்.

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் அடுப்படியில் இடத்தைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நீங்கள் இன்று சமைக்கப் பயன்படுத்தாதவையாக இருக்கும். புது அலமாரி வந்தால் அவையே அதிலும் ஏறிக்கொள்ளும்.

ஒரு விடுமுறை நாள் காலையில், வரவேற்பறையில் பழைய செய்தித்தாளை விரித்து அடுப்படியில் உள்ள அத்தனையையும் அங்கே கொண்டுவந்து வையுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள், மேடைக்கடியில் மூலையில் கிடப்பதும் வெளியே வரவேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைக் கடைசியாக எப்போது தொட்டேன்? நேற்று தொட்டது ஒரு குவியல். இந்த வாரமோ போன வாரமோ தொட்டது இன்னொன்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தொடுவது மூன்றாவது. முறுக்கு அச்சு, அதிரசத் தட்டு, பொங்கல் பானை, விருந்தினருக்கான கண்ணாடிக் கோப்பைகள், கல்யாண வீடுகளில் கொடுத்த எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் இந்த மூன்றாவது குவியலில் சேரும். நம் வீடுகளில் இந்தக் குவியல்தான் ஆச்சரியப்படும்படி உயர்ந்து நிற்கும். மூடி தொலைந்த ஐஸ்கிரீம் டப்பாக்களையும், உணவு வாங்கி வந்த பிளாஸ்டிக் பெட்டிகளையும் தயங்காமல் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை தொடுபவற்றுக்கு அடுப்படியில் இடமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, துணிப் பையில் போட்டு, படுக்கையறை அலமாரியின் உச்சிக்கு ஏற்றிவிடுங்கள். ஈரத்தோடு கட்டி வைத்தால் பித்தளை கறுக்கும், இரும்பு அச்சு துருப்பிடிக்கும். பையின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவது நல்லது.

அடுத்தது உயரம். இடுப்பிலிருந்து கண்மட்டம் வரை உள்ள பகுதிதான் அடுப்படியின் விலைமதிப்புள்ள நிலம். உங்கள் வீட்டில் அந்த நிலத்தை மாமியாரின் கை எட்டும் தூரத்தை வைத்து அளக்க வேண்டும். அவரை அடுப்பு முன் நிற்கச் சொல்லுங்கள். குனியாமலும் எம்பாமலும் அவர் கை போகும் இடத்தில் நேற்று தொட்ட குவியல் வரட்டும். வாரத்துக்கு ஒருமுறை எடுப்பவை மேடைக்குக் கீழே போகலாம். அவற்றை எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலையோ பிள்ளைகளின் வேலையோ ஆகட்டும்.

தாளிப்பு நேரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் அரை நிமிடத்துக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதற்காகத்தான் அஞ்சறைப் பெட்டி வந்தது. சிறிய அடுப்படிக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் எந்தப் பொடியையும் வைக்காதீர்கள். சூடும் ஆவியும் பட்டால் மிளகாய்த்தூள் நிறம் மங்கும், மல்லித்தூள் மணம் இழக்கும், உப்பு கட்டிப்படும். ஒரு வாரத்துக்கு வேண்டிய தூள் சிறு டப்பாவில் வெளியே இருக்கட்டும்; மீதி இறுக மூடிய பாட்டிலில் குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

கிரைண்டரைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மேடையை அடைத்திருப்பது அதுதான். மேசைக் கிரைண்டர் கல்லோடு சேர்த்துப் பத்துக் கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதை மேடையில் ஏற்றி இறக்குவது முதுகுக்குக் கேடு. ஏற்றியபடியே விட்டால் காய் நறுக்கும் இடம் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை மாவு அரைக்கும் வீட்டில், முழங்கால் உயரத்தில் பூட்டுச் சக்கரம் வைத்த உறுதியான வண்டிப் பலகை ஒன்று இருந்தால் போதும். அரைக்கும் அன்று வெளியே இழுத்து, சக்கரத்தைப் பூட்டி, வேலை முடிந்ததும் மேடைக்கடியில் தள்ளிவிடலாம். வாங்குமுன் மேடையின் அடிப்பக்க உயரத்தையும் கிரைண்டரின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அரைத்து முடித்ததும் கல்லைக் கழுவி உலர்த்தாமல் திரைக்குள் தள்ளினால் இரண்டே நாளில் புளித்த வாடை வரும்.

மின்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 3000 வாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலே 2000 வாட் வரை இழுக்கும். கெட்டில், சோற்றுக் குக்கர், மைக்ரோவேவ் மூன்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டி ஒரே நேரத்தில் ஓட்டுவது ஆபத்து. இட நெருக்கடி உள்ள வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

இப்போது வண்டுக்கு வருவோம். இதில் உங்கள் சுத்தத்தின் மேல் குறை எதுவும் இல்லை. கோலாலம்பூரின் வெப்பமும் ஈரப்பதமும் பூச்சிகளுக்கு ஆண்டு முழுவதும் இதமான பருவம். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளேயே முட்டையிடும். பயறு வண்டு மேல்தோலில் முட்டையை ஒட்டிவிடும். பெரும்பாலும் கடையிலிருந்தே அவை நம் வீட்டுக்கு வருகின்றன. வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போடுவது வந்த வண்டைக் கொஞ்சம் விரட்டலாம், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. வெயிலில் காயவைக்க மாடி வீட்டில் முற்றமும் இல்லை, பல நாள்களில் பிற்பகல் மழையும் வந்துவிடும். ஆகவே உறைபெட்டியைப் பயன்படுத்துங்கள். பருப்பு, ரவை, கடலை மாவு எதை வாங்கினாலும் பொட்டலத்தைப் பிரிக்காமல், ஒவ்வொரு கிலோவாக ஈரம் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்கக் கூடாது. பை முழுதாக அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் காத்திருங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பருப்பின் மேல் நீராகப் படியும். அப்புறம் பூஞ்சணம் பிடிக்கும். பையின் வெளிப்புற ஈரம் உலர்ந்த பிறகு பருப்பை இறுக்கமான மூடி போட்ட டின்னுக்கு மாற்றுங்கள். காலியான மைலோ டின் இதற்கு நன்றாகவே உதவும். ஒரே மாதிரியான கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வாங்கிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பழைய பருப்பு தீர்ந்து, டின்னைக் கழுவி உலர்த்திய பிறகே புதியதைக் கொட்டுங்கள். அடியில் தங்கும் தூளில்தான் அடுத்த தலைமுறை வண்டு வளர்கிறது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போகும்போது மாதம் முழுவதற்கும் மூட்டையாக வாங்கும் வழக்கம் இருந்தால் அதையும் குறைக்கலாம். உங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே மளிகைக் கடை இருக்குமானால், பத்துக் கிலோ அரிசிக்குப் பதில் ஐந்து கிலோ வாங்குவது இடத்தையும் மிச்சப்படுத்தும், வண்டையும் குறைக்கும். சாமான் வந்த அட்டைப் பெட்டியை அன்றே வெளியேற்றுங்கள். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் பூச்சி ஒளிந்து முட்டை வைக்கும். ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட்டுகளை அடுக்கிவைக்காமல் ஒரு சிறு பிளாஸ்டிக் கூடையில் நிமிர்த்தி வைத்தால், ஒன்று கசிந்தாலும் கூடையோடு நின்றுவிடும்.

எரிவாயுத் தோம்பு மேடைக்கடியில் இருப்பதில் தவறில்லை, ஆனால் அதை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே அந்த இடத்துக்குக் கதவு போட்டு அடைக்காதீர்கள், தோம்பு நிற்கும் பகுதியில் திரையையும் எடுத்துவிடுங்கள். சாக்குப் பை, பழைய தாள், எண்ணெய் எதையும் அதன் பக்கத்தில் திணிக்க வேண்டாம். தோம்பு மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குழாயில் வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் சமைத்துப் பாருங்கள். அதன்பிறகும் இடம் போதவில்லை என்றால், தொங்கும் அலமாரிக்குப் பதில் தரையில் நிற்கும் இரும்புத் தட்டடுக்கு வாங்குங்கள். துளை போட வேண்டியதில்லை, வீடு மாறும்போது கூடவே வரும். ஆழம் 30 சென்டிமீட்டர் போதும்; அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பது மறந்து போகும். தட்டுகளின் உயரத்தை மாற்றக்கூடியதாகப் பாருங்கள். கனமானவற்றை அடித்தட்டில் வைத்தால் அடுக்கு சாயாது. மரத்தூள் பலகையில் செய்ததை வாங்காதீர்கள். ஈரம் பட்டால் உப்பி உதிரும். எந்த அடுக்கு வந்தாலும் சோற்றுக் குக்கரை ஒரு தட்டுக்குக் கீழே வைத்துச் சமைக்க வேண்டாம். ஆவி மேலே போக வழி இருக்கும் இடமாகப் பார்த்து அதை வையுங்கள்.