டீ கொண்டுவந்த தங்கை

கேள்வி: எனக்கு 26 வயது. கோவையில் வேலை. சனிக்கிழமை இரவு நண்பர்கள் நாலு பேர் எங்கள் வீட்டு ஹாலில் கூடி மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை படிப்போம். இப்போது படிப்பது ‘டெட்ராய்ட் மெட்டல் சிட்டி’. இது வெறும் சிரிப்புக் கதை, அரசியல் தேடாதே என்கிறேன் நான். பணம், பெண்கள், வேலை எல்லாவற்றைப் பற்றியும் இதில் அரசியல் இருக்கிறது என்கிறான் நெருங்கிய நண்பன். சண்டை முற்றி இப்போது பேச்சே இல்லை. கதையில் வரும் பாட்டு வரிகளைக் கோரஸாகப் படித்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த தங்கைகூட “சத்தமா படிக்காதீங்கண்ணா” என்று முகம் சுளித்தாள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள், அவளுக்கு இந்த நகைச்சுவை புரியாது. யார் சொல்வது சரி? நண்பனை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: நண்பர் விஷயம் அப்புறம். முதலில் உங்கள் தங்கை.

அவளுக்குப் புரியாது என்று எதை வைத்து எழுதினீர்கள் தம்பி? அந்தப் பாட்டுகளில் இருப்பது கொலை, பலாத்காரம். பெற்ற தாயைக்கூட விட்டுவைக்காத வரிகள். ராத்திரி நேரத்தில் நாலு ஆண்கள் அதைக் கோரஸாகப் படிக்கும் ஹாலுக்குள் ஒரு பெண் டீ டம்ளர்களோடு நடந்து வரவேண்டும். நன்றாகப் புரிந்ததால்தான் முகம் சுளித்தாள். பரீட்சைக்குப் படிக்கிறவளை எழுப்பி டீ போடச் சொன்னது யார்? நாலு பேரில் ஒருவருக்குமா அடுப்பு பற்றவைக்கத் தெரியாது?

நீங்கள் படிக்கிற கதையையே எடுத்துக்கொள்வோம். வகாசுகி கிமினோரி 2005 முதல் 2010 வரை ‘யங் அனிமல்’ இதழில் வரைந்தது, மொத்தம் 10 தொகுதிகள். ஒயிட்டா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து டோக்கியோவுக்குப் படிக்க வந்த நெகிஷி, ஸ்வீடன் நாட்டு பாப் இசை மாதிரி இனிமையாகப் பாட ஆசைப்படுகிறவன். வயிற்றுப் பிழைப்புக்கு முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, ‘டெட்ராய்ட் மெட்டல் சிட்டி’ என்ற இசைக்குழுவில், கிரவுசர் என்ற பேயாக டெத் மெட்டல் என்கிற கரடுமுரடான ராக் இசை பாடுகிறான். பெற்றோரைக் கொன்றவன் என்று ரசிகர்கள் அவனைக் கும்பிடுகிறார்கள். அம்மாவோ ஊரில் மாடும் வயலுமாக இருக்கிறாள். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

அந்த வெட்கத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. மேடையில் எவ்வளவு ஆபாசமாகக் கத்துகிறானோ அவ்வளவுக்கு உள்ளே கூனிக் குறுகுகிறான், நாம் சிரிக்கிறோம். அவன் காதலிக்கும் அய்காவாவுக்கு இந்த இசைக்குழுவையே பிடிக்காது. ‘உனக்கு நகைச்சுவை புரியாது’ என்று நெகிஷி அவளிடம் சொல்வதில்லை. தான்தான் கிரவுசர் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து ஓடி ஒளிகிறான். நீங்கள் வரிகளை மட்டும் பிய்த்தெடுத்துப் படித்தீர்கள். அந்த வெட்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் வசவு. உங்கள் ஹாலில் தங்கை காதில் விழுந்தது அதுதான்.

நெகிஷி ஊருக்குப் போகும் அத்தியாயம் நினைவிருக்கிறதா? அவன் தம்பி தொஷிஹிகோ கிரவுசரின் ரசிகனாகி, அம்மாவை மதிக்காமல், வீட்டு வேலையும் பார்க்காமல் திரிகிறான். நெகிஷி என்ன செய்கிறான்? அந்தப் பேய் வேஷத்தையே போட்டுக்கொண்டு வந்து, வயலில் இறங்கி வேலை செய்து காட்டித் தம்பியை வழிக்குக் கொண்டுவருகிறான். பத்துத் தொகுதியிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். வயலில் சாத்தான் வேலை செய்கிற காட்சிக்கு வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் வீட்டில் மூத்தவன் என்றால் பொறுப்பு என்று நம்புகிற ஒருவன் வரைந்த பக்கம் அது என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்களும் மூத்தவர்தான்.

உங்கள் நண்பர் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. ‘முதலாளித்துவப் பன்றி’ என்று பேர் வைத்து ஒரு நடுத்தர வயது ஆளை மேடையில் அடிவாங்க வைக்கும் கதையில் அரசியல் இல்லை என்று எப்படிச் சாதிக்கிறீர்கள்? ஆண்களை வெறுக்கும் பெண்களின் பங்க் ராக் இசைக்குழு ஒன்றும் வருகிறது. அங்கே ஆசிரியர் பெண்ணியத்தைக் கேலி செய்கிறாரா, அதைக் கண்டு பயப்படும் ஆண்களையா என்பது விவாதிக்க வேண்டிய கேள்வி. சில பக்கங்களில் அவர் பெண்களைச் செலவழித்துச் சுலபமான சிரிப்பு வாங்குகிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெண்களைப் பற்றிய அந்த வாக்குவாதத்தை நாலு ஆண்கள் நடத்த, வீட்டில் இருந்த ஒரே பெண் சொன்ன ஒரு வார்த்தையை ‘புரியாது’ என்று தள்ளிவிட்டீர்கள். அரசியல் இருக்கிறது என்ற நண்பராவது அவளுக்காக வாய் திறந்தாரா? கடிதத்தில் காணோம். அவருக்கும் இது பொருந்தும்.

இன்றைக்கே தங்கையிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். ‘சும்மா விளையாட்டுக்கு’ என்று இழுக்காமல் நேராகக் கேளுங்கள். அவள் பரீட்சை முடியும்வரை சனிக்கிழமைக் கூட்டம் வேறு யார் வீட்டிலாவது நடக்கட்டும். ராத்திரி அவள் கண்விழித்துப் படித்தால் டீ நீங்கள் போட்டுக் கொடுங்கள். நண்பருக்கு ஃபோன் செய்து, கதையில் அரசியல் இல்லை என்று நீங்கள் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளுங்கள். தங்கை அன்று ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் அவரிடம் பேசுங்கள்.