ஓடினால் காலில் ஏன் கொப்புளம் வருகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து தாமிரபரணிக் கரை வரை ஓடிவிட்டு ஷூவைக் கழற்றினால் குதிகாலில் நீர் கோத்த ஒரு முத்து. அதுதான் கொப்புளம்.

தோலின் மேற்புறம் வியர்த்த சாக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் இழுபடும் தோல் அடுக்குகள் பிரிந்து, இடைவெளியில் நீர் சேர்கிறது. புதிதாக மண்வெட்டி பிடித்தவர் உள்ளங்கையில் வருவதும் இதே சங்கதிதான். ஈரத்தோல் இன்னும் மோசம். நம்மூர் வெயிலில் சாக்ஸ் நனையாமல் இருக்குமா? பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செயற்கை இழைதான் நல்லது. உரசும் இடத்தில் முன்பே வாசலின் தடவுங்கள்.

சிறியதை மூடிவிட்டுச் சும்மா விடுங்கள். பெரிதாகி வலித்தால், சோப்பு போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடியுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

தோலை உரித்தால் சீக்கிரம் ஆறும் என்பார்கள். அப்படியில்லை, அந்தத் தோல்தான் புண்ணுக்கு இயற்கை போட்ட கட்டு.