வாசகர் கேள்வி: கணினி அறிவியலில் எங்கே போயின அந்த 22 மதிப்பெண்கள்?

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினி அறிவியலைப் பற்றியவை. இயற்பியலில் மதிப்பெண் குறைந்தால் "அது கடினமான பாடம்" என்று ஆறுதல் அடையும் பெற்றோர், கணினி அறிவியலில் குறைந்தால் ஏதோ தவறு நடந்துவிட்டதாகவே எண்ணுகிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் இப்பாடத்தை நடத்தி, விடைத்தாள் திருத்தும் முகாம்களிலும் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில், நான்கு கடிதங்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் பள்ளியில் நடந்த எல்லாத் தேர்வுகளிலும் கணினி அறிவியலில் 95க்குக் குறையாமல் பெற்றவள். பொதுத்தேர்வில் 78 வந்திருக்கிறது. இயற்பியலில் 92, வேதியியலில் 94. அதே பள்ளியில், அதே டியூஷனில் படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு. விடைத்தாள் மாறிப் போயிருக்குமோ என்று என் கணவர் சந்தேகப்படுகிறார். மகளோ இரண்டு நாள்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: அம்மா, முதலில் மதிப்பெண் பட்டியலை எடுத்து, கணினி அறிவியலுக்கு எதிரே உள்ள மூன்று எண்களையும் தனித்தனியாகப் பாருங்கள். இப்பாடத்தின் நூறு மதிப்பெண்ணும் ஒரே தேர்விலிருந்து வருவதில்லை. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பிரிக்கப்பட்டுள்ளது. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் ஏறத்தாழ எல்லா மாணவர்களும் முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக அருகிலோ பெறுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கும் அந்த 30 முழுமையாக வந்திருக்குமானால், அவர் எழுத்துத் தேர்வில் பெற்றது 70க்கு 48. அதாவது, இழந்த 22 மதிப்பெண்களும் அந்த மூன்று மணி நேரத் தாளில்தான் போயிருக்கின்றன. தேட வேண்டிய இடம் அதுவே.

விடைத்தாள் மாறியிருக்குமோ என்ற ஐயத்துக்கும் மற்ற எல்லா ஐயங்களுக்கும் ஒரே மருந்து விடைத்தாள் நகல்தான். முடிவு வெளியானதும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் சில நாள்களுக்குள், மகள் படித்த பள்ளியின் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாள்களைத் தவறவிட்டால் பிறகு வழியில்லை. 2024ஆம் ஆண்டு நகலுக்கு ஒரு பாடத்துக்கு 275 ரூபாயும், மறுகூட்டலுக்கு 205 ரூபாயும் (உயிரியலுக்கு மட்டும் 305), மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாயும் கட்டணமாக இருந்தன. நகலுக்கு விண்ணப்பிக்காதவர் மறுமதிப்பீடு கேட்க முடியாது என்பதால், கோபத்தில் எடுத்த எடுப்பிலேயே மறுகூட்டலுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நகல் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது. செய்யுங்கள், ஆனால் முகாமில் உதவித் தேர்வாளர் திருத்திய தாளைக் கூர்ந்தாய்வு அலுவலர் ஒருவர் கூட்டிச் சரிபார்த்து, முதன்மைத் தேர்வாளரும் பார்வையிடும் முறை இருப்பதால், கூட்டலில் பிழை அகப்படுவது அரிது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் இடப்பட்டிருக்கிறதா, கடைசிப் பக்கங்களில் எழுதிய விடை ஏதேனும் திருத்தப்படாமல் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு கணினி ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் விரித்து, மகளே தன் தாளைத் திருத்தட்டும். நான் கண்ட வரையில் மாணவர்களின் மதிப்பெண் கசிந்தோடும் ஓட்டைகள் சில குறிப்பிட்ட இடங்களில்தான் இருக்கின்றன.

முதலாவது, ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்து. இவற்றில் விருப்பத் தெரிவின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் பூஜ்ஜியம் என்றுதான் விடைக்குறிப்பு சொல்லும். விடையைச் சரியாக எழுதிவிட்டு, அவசரத்தில் 'ஆ' என்பதற்குப் பதில் 'இ' என்று குறித்த மாணவர்களை ஒவ்வொரு ஆண்டும் சந்தித்திருக்கிறேன். பாடம் தெரிந்தும் போகும் மதிப்பெண் இது.

அடுத்தது கட்டாய வினாக்கள். இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பதில் ஆறும், மூன்று மதிப்பெண் பகுதியில் ஒன்பதில் ஆறும் எழுதினால் போதும் என்றாலும், 24ஆம் வினாவையும் 33ஆம் வினாவையும் கட்டாயம் எழுதியாக வேண்டும். இவை பெரும்பாலும் பாடத்தின் பின்னுள்ள வினாக்களிலிருந்து வருவதில்லை. ஒரு சிறு நிரலை (புரோகிராமை) கொடுத்து வெளியீடு என்ன என்று கேட்பார்கள், அல்லது நிரலையே எழுதச் சொல்வார்கள். பள்ளித் தேர்வில் 95க்கு மேல் வாங்கிய ஒரு மாணவி பொதுத்தேர்வில் சறுக்குவதற்கு மிகப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. பல பள்ளிகளில் மாதிரித் தேர்வு வினாத்தாள் பாடத்தின் பின்பக்கத்தையே திருப்பி எழுதியதாக அமைந்துவிடுகிறது. அதில் மனப்பாடம் செய்தவருக்கும் புரிந்து படித்தவருக்கும் வேறுபாடு தெரியாது. 1 முதல் 10 வரை என்று எல்லை கொடுத்தால், பாடத்தில் உள்ள நிரல்மொழியான பைத்தான் 9உடன் நின்றுவிடும் என்பதைக் கணிப்பொறியில் ஒருமுறை இயக்கிப் பார்த்தவர் மறக்கவே மாட்டார். குறிப்பேட்டிலிருந்து நிரலை மட்டும் உருப்போட்டவர், எண்களைச் சற்றே மாற்றிக் கேட்டதும் 10ஐயும் சேர்த்து எழுதிவிடுவார்.

நிரல் எழுதும் ஐந்து மதிப்பெண் வினாக்களில் இன்னொரு கண்ணி உண்டு. பழைய பாடத்திட்டத்தில் சி++ மொழியை நடத்தியபோது அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் விடுபட்டால் மதிப்பெண் போகும். வரிகளை எப்படி அமைத்தாலும் நிரல் நிரல்தான். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பது பைத்தான். இதில் எந்த வரி எந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே முடிவு செய்கிறது. திரையில் தானாக விழும் அந்த உள்தள்ளலை, கோடிட்ட தாளில் கைவிரைவாக எழுதும்போது பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். முக்காற்புள்ளியை மறப்பதும், ஒப்பிட வேண்டிய இடத்தில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி இடுவதும் அடுத்தடுத்த பிழைகள்.

இப்படி வினா வினாவாகப் பார்த்த பிறகும், சரியான விடைக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டிருப்பதாக ஆசிரியர் உறுதியாகச் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குச் செல்லுங்கள். "போட்டுத்தான் பார்ப்போமே" என்று செல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காத்திருக்கும் வாரங்களில் பிள்ளை அடுத்த படிப்பை நினைக்காமல் அந்த ஒற்றை எண்ணையே நினைத்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் நூற்றுக்கு நூறைப் பற்றி ஒரு சொல். 2024இல் கணினி அறிவியலில் நூறு பெற்றவர்கள் 6,996 பேர். அதே ஆண்டு கணிதத்தில் 2,587 பேர், இயற்பியலில் 633 பேர். 2025இல் கணினி அறிவியலின் எண்ணிக்கை 9,536 ஆக உயர்ந்தது. இந்த எண்கள்தாம் "கணினி என்றால் நூறு" என்ற நம்பிக்கையை வீடுதோறும் விதைத்திருக்கின்றன. ஆனால் தேர்வு எழுதுவோரோ ஏழரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் இப்பாடத்தை எடுத்தவர்களை மட்டும் கணக்கில் கொண்டாலும் நூறு பெறாதவர்களே மிகப் பெரும்பான்மை. உங்கள் மகள் எழுதிய தாளில் 70க்கு 48 என்பது சராசரிக்குக் கீழான அறிவைக் காட்டவில்லை. இயற்பியலில் 92 வாங்கும் பெண், கடினம் என்று அஞ்சிய பாடத்துக்கு இரவெல்லாம் விழித்துவிட்டு, எளிது என்று எண்ணிய பாடத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்கியிருப்பாரோ என்று எனக்கொரு ஐயம். கேட்டுப் பாருங்கள், அதட்டிக் கேட்காதீர்கள்.

கேள்வி: என் மகன் கணினி அறிவியலில் 44 மதிப்பெண் எடுத்திருக்கிறான். தேர்ச்சி மதிப்பெண் 35தானே? ஆனால் பட்டியலில் தோல்வி என்று இருக்கிறது. இணையத்தில் வந்த முடிவு தவறா? அவன் பள்ளியில் இப்பாட ஆசிரியர் அக்டோபரில் மாறுதலாகிச் சென்ற பின் இரண்டு மாதம் வகுப்பே நடக்கவில்லை என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.
(ஒரு தந்தை, விழுப்புரம்)

பதில்: ஐயா, முடிவு தவறாக இருக்க வாய்ப்பில்லை. மொத்தம் 35 என்பது ஒரு நிபந்தனை மட்டுமே. செய்முறை உள்ள பாடங்களில், எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் குறைந்தது 15 பெற்றிருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. உங்கள் மகனுக்குச் செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 கிடைத்திருந்தால், எழுத்துத் தேர்வில் வந்தது 14. ஒரே ஒரு மதிப்பெண்ணில் நின்றிருக்கிறார். ஒரு மதிப்பெண் என்பதனாலேயே, மேலே சொன்னபடி விடைத்தாள் நகலை நீங்கள் கட்டாயம் வாங்க வேண்டும். இத்தகைய தாளில் விடுபட்ட ஒரு குறி கூட முடிவை மாற்றக்கூடும். அதே நேரத்தில் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இராமல், துணைத்தேர்வுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பொதுத்தேர்வு முடிவுக்குப் பின் ஓரிரு மாதங்களிலேயே நடத்தப்படும் தேர்வு அது. தேறினால் இதே கல்வியாண்டில் கல்லூரியில் சேரலாம்.

ஆசிரியர் இல்லாத இரண்டு மாதங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது. அத்தகைய வேளைகளில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தும் வழக்கம் உண்டு. அதை நவம்பரிலேயே தலைமை ஆசிரியரிடமும், பிறகு முதன்மைக் கல்வி அலுவலரிடமும் பெற்றோர்கள் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். இப்போது அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவாவது மனு கொடுங்கள். துணைத்தேர்வைப் பொறுத்தவரை, மகன் புத்தகத்தின் பதினாறு பாடங்களையும் புரட்டத் தேவையில்லை. பாடங்களின் பின்னுள்ள ஒரு மதிப்பெண் வினாக்களையும், தரவுத்தளம் தொடர்பான பாடங்களின் இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்களையும் செம்மையாகப் படித்தாலே 15ஐத் தாண்டிவிடலாம்.

கேள்வி: மகளுக்குக் கணிதம் 95, இயற்பியல் 88, வேதியியல் 90, கணினி அறிவியல் 71. இந்த 71ஆல் பொறியியலில் கணினிப் பிரிவு கிடைக்காமல் போகுமா?
(ஒரு தந்தை, சேலம்)

பதில்: போகாது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் கட்-ஆஃப் கணக்கில் கணினி அறிவியலுக்கு இடமே இல்லை. கணிதம் முழுதாக 95, இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 45, ஆக 200க்கு 184. ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களை வரிசைப்படுத்தும்போது கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பிறகுதான் விருப்பப் பாடமான கணினி அறிவியலைப் பார்ப்பார்கள். ஆனால் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பதானால் கதை வேறு. அங்கே மொழிப் பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் மொத்தம் 400க்குக் கணக்கிடப்படுவதால், அந்த 71 முழுமையாக எண்ணப்படும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைகீழ்ச் சிக்கல். கணிதத்தில் 52, இயற்பியலில் 61, வேதியியலில் 66 வாங்கிய என் மகன், யாரும் எதிர்பாராத விதமாகக் கணினி அறிவியலில் 100 வாங்கிவிட்டான். இவனுக்குக் கணினிதான் விதித்திருக்கிறது என்கிறார் என் மாமனார். பணம் கட்டியாவது நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் கணினிப் பிரிவில் சேர்த்துவிடச் சொல்கிறார். சேர்க்கலாமா?
(ஒரு தாய், காரைக்குடி)

பதில்: பேரன் வாங்கிய நூறில் தாத்தாவுக்கு இருக்கும் பெருமையைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. பையனைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு தாளை ஒரு பிழையும் இல்லாமல் எழுதுவது எளிதன்று. ஆனால் முதல் கடிதத்துக்கான விடையைப் படித்திருப்பீர்கள். அந்த நூறில் 30 தேர்வு அறைக்கு வெளியே வந்தது. மீதி 70இலும் வரையறை, வேறுபாடு, நன்மை தீமை என்று நினைவாற்றலைச் சோதிக்கும் வினாக்கள் கணிசமானவை. நிரல் எழுதுவதில் அவருக்கு உண்மையாகவே ஈடுபாடு இருக்கிறதா என்பதை அந்த எண்ணிலிருந்து நானோ நீங்களோ சொல்லிவிட முடியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வேலையை அவரிடம் கொடுங்கள். உங்கள் வீட்டு மளிகைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதப் பொருள்களையும் விலைகளையும் உள்ளிட்டால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று சொல்லும் பைத்தான் நிரல் ஒன்றை ஒரு வாரத்தில் எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் தேடட்டும், நண்பர்களைக் கேட்கட்டும், பிழை வந்தால் திணறட்டும். மூன்றாம் நாளும் சாப்பாட்டுத் தட்டோடு கணிப்பொறி முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர் அந்தத் துறைக்கு உரியவர்தான். அலுத்துப்போய் மூடி வைத்துவிட்டால், நல்ல நினைவாற்றல் உள்ள பையன் என்று மகிழ்ந்து, வேறு படிப்புகளையும் யோசியுங்கள்.

ஈடுபாடு இருப்பது உறுதியானாலும், பெருந்தொகை கட்டிப் பொறியியலில் சேர்ப்பதற்கு நான் தயங்குவேன். அவருடைய கட்-ஆஃப் 115.5. தொடக்கப் பருவங்களிலேயே கணிதத் தாள்கள் வரிசையாக வரும். 52 வாங்கியவர் அவற்றில் தேங்கிவிட்டால், கட்டிய பணத்தின் பாரமும் அவர் தலையில்தான் ஏறும். நான்கு பாடங்களில் 400க்கு 279 இருக்கிறது. அருகிலுள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பி.சி.ஏ.வுக்கோ பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கோ முதலில் விண்ணப்பியுங்கள். பட்டம் முடித்த பின் எம்.சி.ஏ. படிக்கும் வழி திறந்தே இருக்கிறது. அதற்குள் கணிதத்தோடு அவருக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதும் தெரிந்துவிடும். மாமனாரிடம் எம்.சி.ஏ. என்ற பெயரைச் சற்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள்.